படத்துக்கு இடம் விடும் எழுத்து

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலிலிருந்து திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில் வரை பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. இந்தியக் குழந்தைகளின் படப் புத்தகத்துக்குப் புது முகம் கொடுத்த மூன்று பதிப்பகங்கள் இந்தச் சிறிய வட்டாரத்தில்தான் வேர்விட்டன. 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ் திருவான்மியூரில் இருக்கிறது. 1996இல் ராதிகா மேனன் தொடங்கிய தூலிகா அபிராமபுரத்திலும் தேனாம்பேட்டையிலுமாக வளர்ந்தது. அதே 1996இல் பிறந்த கரடி டேல்ஸ், கதையைச் சொல்லும் குரலோடும் இசையோடும் புத்தகம் கொண்டுவந்து, அடையாறு காந்தி நகரிலிருந்து இயங்கியது. உலகெங்கிலுமிருந்து குழந்தைகள் பதிப்பாளர்கள் கூடும் இத்தாலியின் போலோன்யா புத்தகச் சந்தை, 2013இல் ஆசியாவின் சிறந்த குழந்தைகள் பதிப்பகமாகத் தாராவைத் தேர்ந்தெடுத்தது. இவ்வளவு நடந்தும், இந்தப் புத்தகங்களை எழுதியவர்களில் ஒருவர் பெயரையாவது சொல்லக்கூடிய தமிழ் வாசகர்கள் மிகக் குறைவு. நாவலாசிரியரையும் கவிஞரையும் தெரிந்துவைத்திருக்கும் நாம், படப் புத்தகம் எழுதுபவரை எழுத்தாளர் கணக்கில் சேர்ப்பதில்லை. இருபது பக்கத்தில் இரண்டிரண்டு வரி எழுதுவது பொழுதுபோக்கு வேலை என்றே நினைக்கிறோம். அந்த நினைப்பு தவறு. அது அவர்களுக்குச் செய்யும் அநியாயத்தைவிடத் தமிழுக்குச் செய்திருக்கும் நஷ்டம் பெரிது.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்ப்போம். படப் புத்தகம் பெரும்பாலும் 24 பக்கம் அல்லது 32 பக்கம். அச்சுத்தாளை மடிக்கும்போது பக்கங்கள் எட்டெட்டாகவும் பதினாறு பதினாறாகவும் கிடைப்பதால் வந்த கணக்கு இது. தலைப்பு, பதிப்புரிமைப் பக்கங்கள் போகக் கதைக்கு மிஞ்சுவது பத்திலிருந்து பதினான்கு இரட்டைப் பக்கங்கள். அதற்குள் ஓர் உலகம் தோன்றி, அதில் ஏதோ ஒன்று நடந்து, அது முடிந்துவிட வேண்டும். இங்கிலாந்தின் பாட் ஹட்சின்ஸ் 1968இல் எழுதி வரைந்த 'ரோசிஸ் வாக்' நூலின் மொத்த எழுத்தும் ஒரே வாக்கியம்தான், 32 சொற்கள். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறது என்பதற்கு மேல் எழுத்து எதுவும் சொல்வதில்லை. படத்திலோ கோழிக்குப் பின்னால் முதல் பக்கத்திலிருந்தே ஒரு நரி வருகிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றில் மாட்டி அடிபடுகிறது. நரி என்ற சொல் எழுத்தில் ஓரிடத்திலும் கிடையாது. வாசித்துக் காட்டும் பெரியவர் கோழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போக, எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை நரியைக் கண்டுபிடித்துக் கூவுகிறது. பெரியவரைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற பெருமையை அந்த எழுத்து குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறது. அமெரிக்காவின் மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' நூலில் இருப்பவை 338 சொற்கள். விலங்குகளின் கும்மாளம் உச்சத்துக்குப் போகும் மூன்று இரட்டைப் பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை. எங்கே பேசுவது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்று தீர்மானிப்பதுதான் இந்தக் கலையின் பாதி. அந்தத் தீர்மானம் அச்சில் தெரியாது. அதனால் அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பும் தெரிவதில்லை.

நம் ஊர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் சந்தியா ராவைப் பார்க்கலாம். தூலிகாவில் நீண்ட காலம் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் இருந்தவர். அவர் எழுதி, நீனா சப்னானி படம் வரைந்து 2006இல் வந்த 'மை மதர்ஸ் சாரி' நூலில், அம்மாவின் புடவையை வைத்துக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். புடவை ஆறாகிறது, ரயிலாகிறது, ஒளிந்துகொள்ளும் இடமாகிறது. அசல் புடவைத் துணிகளின் நிழற்படத்தின் மேல் குழந்தைகளை வரைந்து சேர்த்திருக்கிறார் ஓவியர். தி. நகர் கடைகளில் ஒரு புடவையை விவரிக்க கோர்வை, கட்டம், பார்டர், முந்தி என்று எத்தனையோ சொற்கள் புழங்குகின்றன. அந்த வருணனைக்கெல்லாம் இங்கே எழுத்தாளருக்கு வேலையே இல்லை. துணி தானே கண்ணெதிரில் இருக்கிறது. புடவையை வைத்துக் குழந்தை என்ன செய்கிறது என்பதை மட்டும் அவர் சொல்கிறார். வருணிக்கத் தெரிந்த ஒருவர் வருணிக்காமல் இருப்பது எளிதல்ல. அட்டையின் உட்புறத்தில் புடவை கட்டும் முறை படிப்படியாக வருகிறது, அதற்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. அவருடைய 'மை ஃப்ரெண்ட், தி சீ' இதைவிடக் கடினமான ஒன்றைச் செய்ய முயன்றது. 2004 டிசம்பர் 26 அன்று பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் கரையோரம் உட்பட நம் கடற்கரையின் பெரும்பகுதியை ஆழிப்பேரலை தாக்கியது. அதுவரை கூடவே விளையாடிய கடல் ஏன் இப்படிச் செய்தது என்ற கேள்விக்கு, பொய் சொல்லாமலும் பயமுறுத்தாமலும் ஒரு சிறு குழந்தையிடம் என்ன பதில் சொல்வது? சந்தியா ராவ் அதை ஒரு சிறுவனுக்கும் அவன் நண்பனாக நினைத்த கடலுக்கும் உள்ள உறவின் கதையாக எழுதினார். பெரியவர்களுக்கான நூலில் பத்துப் பக்கம் தத்துவம் பேசித் தப்பிக்கலாம். இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது. அதே துயரத்தைத் தாரா வேறு விதமாகக் கையாண்டது. வங்காளத்தின் பட்டுவா மரபில் படச்சுருளை விரித்துப் பாட்டாகக் கதை சொல்லும் ஜாய்தேவ், மொய்னா சித்ரகார் இணையரின் சுருளையே, மடிப்பு மடிப்பாக விரியும் புத்தகமாக அது மாற்றியது.

தாராவின் நூல்கள் இன்னொரு கேள்வியையும் எழுப்புகின்றன: படப் புத்தகத்தின் ஆசிரியர் யார்? மதுபனி ஓவியரான துலாரி தேவி வீட்டு வேலை செய்து பிழைத்தவர், பள்ளிக்குப் போகும் வாய்ப்புக் கிடைக்காதவர். அவர் தன் வாழ்க்கையை வாயால் சொல்ல, அதைக் கீதா வுல்ஃப் எழுத்தாக்க, 2010இல் 'ஃபாலோயிங் மை பெயிண்ட் பிரஷ்' வந்தது. 2021இல் துலாரி தேவிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷ்யாம், லண்டனில் ஓர் உணவகத்தின் சுவர்களில் படம் தீட்டப் போனபோது பார்த்ததை வரைந்தும் சொல்லியும் உருவானதே 2004இல் வந்த 'தி லண்டன் ஜங்கிள் புக்'. இப்படிப்பட்ட நூல்களில் எழுதும் கை அடுத்தவர் குரலைக் கேட்கும் காதாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. தன் நடையைக் காட்டிக்கொள்ள ஆசைப்படும் எழுத்தாளரால் இதைச் செய்ய முடியாது. அச்சிடுபவரும் இங்கே படைப்பில் பங்காளி ஆகிறார். கீதா வுல்ஃபின் 'தி வெரி ஹங்ரி லயன்' நூலின் கையால் செய்த மாதிரியைப் பார்த்த ஒரு கனடியப் பதிப்பகம் 8,000 பிரதிகள் கேட்டது. அத்தனையும் கைத்தாளில், வண்ணம் வண்ணமாகத் தனித்தனியே திரையச்சில் போட வேண்டியவை. அச்சுக் கலைஞர் சி. ஆறுமுகமும் அவர் குழுவும் அதைச் செய்து முடித்தார்கள். அதிலிருந்து ஒரு கைவினைப் பட்டறையே வளர்ந்தது.

தூலிகாவின் வழி வேறு. ஆங்கிலத்தோடு தமிழ், இந்தி, மலையாளம், தெலுங்கு, கன்னடம், மராத்தி, குஜராத்தி, வங்காளம் என ஒன்பது மொழிகளில் அது புத்தகம் போடுகிறது. பலவற்றை இருமொழி நூல்களாகவும். பல மொழிப் படப் புத்தகங்களுக்கு அடிப்படையான அச்சுக் கணக்கு ஒன்று உண்டு. நான்கு வண்ண ஆஃப்செட்டில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒரு பிளேட். எழுத்துகள் கறுப்பில் மட்டும் இருந்தால், மொழி மாறும்போது கறுப்புப் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். மற்ற மூன்றும் அப்படியே ஓடும். வண்ணப் புத்தகத்தை ஒரு நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்ததில் இந்த உத்திக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த எழுத்தாளரும் ஓவியருமான அசோக் ராஜகோபாலனின் கஜபதி குலபதி என்ற யானை, 2010இல் தூலிகா நூலில் தும்மத் தொடங்கியது. சளி பிடித்த யானை, அக்கறையோடு கூடும் ஊரார், கடைசியில் வரும் பெருந்தும்மல் என்ற அந்தக் கதை பல மொழிக் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்து, தொடர் நூல்களாகவும் வளர்ந்தது. எழுதுபவரே வரைபவராகவும் இருப்பதன் பலன் அதில் தெரியும்: யானையின் உடம்பு பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, அது எவ்வளவு பெரியது என்று எழுத்து விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதே கணக்கில்தான் தமிழின் சிக்கலும் இருக்கிறது. சென்னையில் பிறக்கும் படப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் யோசிக்கப்பட்டு, பிறகு தமிழுக்கு வருகின்றன. படமும் பக்கப் பிரிப்பும் முடிந்த பிறகு கறுப்புப் பிளேட்டில் வந்து உட்காரும் மொழியாகத் தமிழ் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் என்ன குறை என்று கேட்கலாம். குறையே இல்லை, கதைசொல்லி ஜீவா ரகுநாதன் போன்றவர்கள் வாய்விட்டு வாசிக்கும் சுகத்தோடு பல நூல்களைத் தமிழாக்கியிருக்கிறார்கள். அந்த உழைப்பு இல்லாவிட்டால் பல தமிழ்க் குழந்தைகளுக்கு நல்ல படப் புத்தகமே கிடைத்திருக்காது. ஆனாலும் மிகத் திறமையான மொழிபெயர்ப்பாளராலும் மாற்ற முடியாத ஒன்று பக்கம். ஆங்கில வாக்கியத்தில் எழுவாயும் வினையும் முன்னால் வந்துவிடும். எதை, எங்கே என்பதை அடுத்த பக்கத்துக்குத் தள்ளி எதிர்பார்ப்பை வளர்க்கலாம். தமிழில் வினை கடைசியில் வரும். அதே இடத்தில் வாக்கியத்தை வெட்டினால், இந்தப் பக்கத்தில் வர வேண்டியது அந்தப் பக்கத்துக்குப் போகும். படம் ஒன்றைச் சொல்ல, வாய் வேறொன்றைச் சொல்லும். மாறாக, தமிழிலேயே யோசிக்கும் எழுத்தாளருக்குத் தமிழ் வாக்கிய அமைப்பே பெரிய வரம். பாட்டி கதவைத் திறந்து, மெல்ல எட்டிப் பார்த்து, முறத்தைக் கீழே போட்டுவிட்டு என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வோர் எச்சமும் பக்கத்தைப் புரட்டச் சொல்லும். என்ன நடந்தது என்று சொல்லும் முற்று கடைசிப் பக்கத்தில், பெரிய படத்தோடு வந்து விழும். இப்படி ஒரு நூலைத் திட்டமிட வேண்டுமென்றால் ஓவியர் பென்சிலை எடுப்பதற்கு முன்பே தமிழ் எழுத்தாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதைவிட ஆழமான பிரச்சினை, பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம். படப் புத்தகம் வாய்விட்டு வாசிப்பதற்கென்றே எழுதப்படுவது. அதைக் கேட்கும் மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது வீட்டுத் தமிழ் மட்டுமே. 'யானை தும்மியது' என்று அச்சில் இருப்பதைப் பெற்றோர் பலர் வாசிக்கும்போதே 'யானை தும்முச்சு' என்று மாற்றிச் சொல்வதன் காரணம் இதுதான். முழுக்கப் பேச்சு வழக்கிலேயே எழுதினால் எந்த ஊர்ப் பேச்சு, எந்தச் சாதியின் பேச்சு என்ற கேள்வி வரும். எழுத்துப் பழகும் குழந்தைக்கும் குழப்பம். முழுக்க எழுத்து நடை என்றால் கதை சொல்லும் குரல் செத்துவிடும். இதற்குத் தமிழுக்குள்ளேயே வழி இருக்கிறது. தமிழில் வினையே இல்லாமல் முழு வாக்கியம் அமைக்கலாம். மாமரத்து மேலே மைனா, மைனாவுக்குப் பின்னாலே பூனை என்று எழுதினால் அது எழுத்திலும் சரி, பேச்சிலும் சரி. இரண்டுக்கும் இடையே உள்ள வேலி பெரும்பாலும் வினை விகுதியில்தான் இருக்கிறது. வினையைப் படத்திடம் விட்டுவிட்டால் வேலி மறைந்துவிடும், பூனை பாய்வதை ஓவியர் காட்டிக்கொள்வார். ஆங்கிலத்திலிருந்து வரும் வாக்கியம் வினையைக் கையோடு கொண்டுவருவதால் மொழிபெயர்ப்பாளருக்கு இந்தச் சுதந்திரம் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. ஒலிகளும் அப்படியே. சலசல, கடகட, மினுமினு போன்ற இரட்டைக்கிளவிகளைத் தொல்காப்பியமே இலக்கணத்தில் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. கேட்கும் ஓசையை மட்டுமல்லாமல், கண்ணால் பார்க்கும் மினுக்கத்தையும் கையால் தொடும் சொரசொரப்பையும்கூட ஒலியாக்கும் இந்தச் சொற்கள், படத்துக்குப் பக்கத்தில் வைப்பதற்கென்றே செய்தவை போல இருக்கின்றன. இந்தச் செல்வத்தைப் படப் புத்தகத்தில் நாம் இன்னும் சரியாகப் பயன்படுத்தத் தொடங்கவில்லை.

நமக்குத்தான் குழந்தை இலக்கிய மரபு இருக்கிறதே, பாட்டி கதையும் பாப்பா பாட்டும் போதாதா என்பது சிலர் கேட்கும் கேள்வி. மரபு உண்மையிலேயே பெரியது. பாரதி, கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, அவர்களுக்குப் பின் 1922இல் புதுக்கோட்டை வட்டார ராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதிய வள்ளியப்பா, 1950இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். குழந்தைகளுக்கு எழுதுவது மதிப்புள்ள எழுத்துப் பணி என்பதை ஓர் அமைப்பின் வழியாக நிறுவியவர் அவர். இன்றைய படப் புத்தக எழுத்தாளர்களுக்கு அப்படி ஒரு சங்கம் தேவை. ஆனால் அந்த மரபின் பெரும்பகுதி காதுக்கானது. பாட்டு தன் படத்தைத் தானே சுமந்துகொண்டு வரும். ஓவியம் இல்லாமலும் அது முழுமையானது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன் வரைந்த விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் தலைமுறைகள் மறக்கவில்லை. அங்கேயும் கதை எழுத்தில் முழுமையாக இருந்தது, படம் அதற்குத் துணை நின்றது. படப் புத்தகத்தில் எழுத்தைத் தனியே எடுத்து வாசித்தால் அரைகுறையாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். வள்ளியப்பாவின் எளிய சொல்லும் தாளமும் இந்தக் கலைக்குச் சரியான முதலீடு. ஆனால் முதலீடு இருப்பதாலேயே தொழில் நடந்துவிடாது.

படம் பார்த்தால் கற்பனை மழுங்கிவிடும் என்ற வாதம் இதைவிட வலுவானது, ஏனென்றால் அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. எழுத்தில் சொன்னதையே மறுபடி வரைந்து காட்டும் படம் குழந்தைக்கு எந்த வேலையும் வைப்பதில்லை. நம் ஊரில் கதை நூல் என்ற பெயரில் விற்கும் மலிவான பல புத்தகங்கள் அப்படிப்பட்டவைதான். சொல்லும் படமும் வெவ்வேறு விஷயங்களைச் சொல்லும்போது நிலைமை தலைகீழாகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குழந்தைதான் நிரப்ப வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் கிரோவர் வைட்ஹர்ஸ்டும் அவர் குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். படப் புத்தகத்தை வெறுமனே வாசித்துக் காட்டாமல், இது என்ன செய்கிறது, அடுத்து என்ன ஆகும் என்று கேட்டுக் குழந்தையைப் பேசவைக்கப் பெற்றோருக்குப் பழக்கம் கொடுத்தார்கள். நான்கே வாரத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சுத் திறன், வழக்கம்போல் வாசிக்கக் கேட்ட குழந்தைகளைவிடப் பல மாத வளர்ச்சி முன்னால் போயிருந்தது. கேள்வி கேட்க இடம் தரும் புத்தகம் இருந்தால்தான் இது நடக்கும். அந்த இடத்தைத் திட்டமிட்டு உண்டாக்குவது எழுதுபவரின் வேலை.

விலையைப் பற்றிய புகாரை எளிதாகத் தள்ள முடியாது. 24 பக்கத்துக்கு இவ்வளவா என்று கேட்கும் பெற்றோர் கருமிகள் அல்லர். 200 பக்க நாவலின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வண்ண அச்சு, தடித்த தாள், ஓவியரின் மாதக்கணக்கான உழைப்பு எல்லாம் பக்க எண்ணிக்கையில் தெரிவதில்லை. தமிழ்ப் பதிப்புலகில் 16 பக்க ஃபாரத்தை அலகாக வைத்து விலை போடும் பழக்கம் வேரூன்றியது. அந்தக் கணக்கில் ஒரு படப் புத்தகம் ஒன்றரை ஃபாரம்தான். உரிமைத்தொகையையும் எழுத்தாளரும் ஓவியரும் பங்கிட்டுக்கொள்வதே பொதுவான வழக்கம் என்பதால், இதை மட்டும் நம்பி ஒருவர் வாழ முடியாது. வேறு வேலைக்கு நடுவில் எழுத நேர்கிறது. விருதுகளும் கைகொடுப்பதில்லை. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது 2010 முதல் தரப்படுகிறது. 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' எனத் தமிழில் தகுதியான சிறார் நாவல்கள் அதைப் பெற்றன. ஆனால் சொல்லும் படமும் சேர்ந்தே ஒரு படைப்பு என்று கருதி எழுத்தாளரையும் ஓவியரையும் இணைத்துக் கௌரவிக்கும் விருது வேறு, அது தமிழுக்கு வேண்டும். நம்பிக்கை தரும் முயற்சிகளும் உண்டு. தேனாம்பேட்டையிலேயே பாரதி புத்தகாலயம் சிறுவர் நூல்களுக்கெனத் தனி வரிசை நடத்துகிறது. அரசுப் பள்ளிகளுக்காக 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சிறு நூல்களைக் கொண்டுபோனது. தமிழிலேயே யோசித்து எழுதுபவர்களுக்கு இப்படித்தான் கதவு திறக்கும். அடுத்து ஆக வேண்டியவை தெளிவானவை. நூலகக் கொள்முதலில் படப் புத்தகத்துக்கு ஃபாரக் கணக்கை விட்டு, வண்ணத்துக்கும் ஓவியத்துக்கும் மதிப்புப் போடும் தனி அளவுகோல் வேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் தொடங்கி, மாவட்ட நூலகங்கள் வரை, எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் மூவர் பெயரிலும் நூலைத் தேட முடிய வேண்டும். பதிப்பகமோ அரசோ பல்கலைக்கழகமோ, ஒரு தமிழ் எழுத்தாளரையும் ஓர் ஓவியரையும் ஒரே மேசையில் சேர்த்து உட்காரவைத்து, வெற்றுத்தாளில் மாதிரி நூல் செய்து பார்க்க ஓராண்டுக்கான உதவித்தொகை தர வேண்டும். அந்த ஆண்டில் பத்து மாதிரிகள் செய்து ஒன்பதைக் கிழித்துப் போட அவர்களுக்கு உரிமையும் அவகாசமும் இருக்க வேண்டும்.